தண்டனை விதித்தல் (இந்திய நீதிமன்றங்களில்)

குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவருக்கு எந்தத் தண்டனை, எவ்வளவு என்று நீதிமன்றம் முடிவுசெய்து ஆணையிடுவது தண்டனை விதித்தல். இந்தியாவில் இது குற்றத்தீர்ப்புக்குப் பின் வரும் தனிக் கட்டம். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை குறித்து அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற விதி 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பிரிவு 235(2)) வந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது பிரிவு 258(2).

மரணம், ஆயுள் சிறை, கடுங்காவல் அல்லது சாதாரண சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம் ஆகிய பழைய தண்டனைகளோடு சமூக சேவையையும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சேர்த்திருக்கிறது. பெரும்பாலான குற்றங்களுக்குச் சட்டம் உச்சவரம்பை மட்டுமே சொல்கிறது. முதல் முறை திருடியவருக்கு மூன்றாண்டு வரை சிறை தரலாம்; அதற்குள் எவ்வளவு என்பது நீதிபதியின் பொறுப்பு. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் போன்றவை குறைந்தபட்ச தண்டனையையும் நிர்ணயிக்கின்றன. அங்கே நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாது. அதிகாரமும் படிநிலைப்படிதான்: முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மூன்றாண்டு வரை, தலைமை நீதித்துறை நடுவர் ஏழாண்டு வரை, அமர்வு நீதிபதி எந்தத் தண்டனையும்.

வரம்புக்குள் அளவைத் தீர்மானிக்க இந்தியாவில் சட்டபூர்வமான வழிகாட்டு நெறி எதுவும் இல்லை. இந்தக் குறையைப் போக்க வேண்டும் என்று குற்றவியல் நீதி முறைச் சீர்திருத்தத்துக்கான மாலிமத் குழு 2003இல் பரிந்துரைத்தது. நெறி இல்லாததால், தண்டனை குறித்த விசாரணை ஒன்றுதான் குற்றவாளிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. நடைமுறையில் அது பல நேரம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கூண்டில் நிற்பவரிடம், குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்கிறார். வயதான தாய் இருக்கிறார், குடும்பத்தில் சம்பாதிப்பவர் வேறு யாருமில்லை, கருணை காட்டுங்கள் என்ற மாதிரி ஒரு பதில் வருகிறது. தீர்ப்பில் அது இரண்டு வரியாகப் பதிவாகிறது. அந்த மனிதர் எப்படி வளர்ந்தார், முன்பு எப்படி நடந்துகொண்டார், திருந்துவாரா என்பதெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் அடங்காது. பெரும்பாலும் ஏழைகளே நிற்கும் கூண்டு அது. சட்டம் தந்த உரிமையைச் சடங்காக்குவது அநீதி.

குற்றவாளியின் நிலையையும் பார்க்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறது. பச்சன் சிங் வழக்கில் (1980) மரண தண்டனை செல்லும் என்று சொன்ன ஐவர் அமர்வு, அதை 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கே ஒதுக்கியது. குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் எடைபோட வேண்டும், அவர் திருந்த மாட்டார் என்பதை அரசே ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றது. ஆயுள் கைதி கொலை செய்தால் மரண தண்டனை கட்டாயம் என்றிருந்த இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 303ஐ மிட்டு வழக்கில் (1983) நீதிமன்றம் ரத்து செய்தது; நீதிபதிக்குத் தேர்வே இல்லாத தண்டனை நியாயமாகாது என்பது அதன் அடிப்படை. மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் மனநல மதிப்பீடு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, சிறை நடத்தை பற்றிய அறிக்கை ஆகியவற்றைப் பெற வேண்டும் என்று மனோஜ் வழக்கு (2022) வலியுறுத்தியது.

தண்டனை ஆணையின் வாசகங்களில் 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்பது மிக முக்கியமானது. இரண்டு குற்றங்களுக்கு ஐந்தும் மூன்றும் ஆண்டுகள் விதித்தால், இந்தச் சொற்கள் இருந்தால் ஐந்தாண்டு. ஒன்றன்பின் ஒன்றாக என்றால் எட்டு. விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாட்கள் தண்டனையிலிருந்து கழிக்கப்படும். அபராதம் கட்டத் தவறினால் அதற்கான சிறை இவற்றோடு ஏக காலத்தில் ஓடாது. தனியே கழிக்க வேண்டும். பணமில்லாதவர் கூடுதலாகச் சிறையில் இருக்க நேர்வது இப்படித்தான்.

சிறையே இல்லாமலும் முடிக்கலாம். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்கதல்லாத குற்றங்களில் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க இடமுண்டு. 21 வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் சிறைக்குரியதல்லாத குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்பினால் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். இன்னும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டிய சட்டம் இது.

அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யும் வரை நிறைவேற்ற முடியாது. அதற்குப் பின்னும் மேல்முறையீடு, ஆளுநர், குடியரசுத் தலைவரிடம் கருணை மனு என்று வழிகள் உண்டு. இந்தப் பாதை எவ்வளவு நீளும் என்பதை ராஜீவ் காந்தி கொலை வழக்கு காட்டியது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்கு, 1998இல், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா சட்டத்தின்படி மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999இல் அது நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, மற்ற 19 பேரை விடுவித்தது. நால்வரில் நளினியின் தண்டனை 2000இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. கருணை மனுக்களை முடிவுசெய்ய நேர்ந்த நெடிய தாமதத்தைக் காரணம் காட்டி, மற்ற மூவரின் தூக்கையும் 2014இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாக்கியது. 2022 மே மாதம் அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனும், நவம்பரில் மீதி ஆறு பேரும் உச்ச நீதிமன்ற உத்தரவால் விடுதலையானார்கள்.