வாழ்த்துரையும் கணக்கேடும்: பினாங்கு அரசியல் செய்திகளில் ஒற்றுமை, வலுவூட்டல், சமுதாய மேம்பாடு

பொங்கல், தைப்பூசம், ஆகஸ்ட் 31 விடுதலை நாள், செப்டம்பர் 16 மலேசிய நாள், தீபாவளி என்று பினாங்குத் தமிழருக்கு ஆண்டில் பலமுறை அரசியல் செய்தி வந்து சேர்கிறது. மாநில முதல்வர், துணை முதல்வர், ஆட்சிக்குழு உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று சொல்பவர் மாறலாம். சொல்லப்படுவது அதிகம் மாறுவதில்லை. இன நல்லிணக்கம் போற்றப்படும், சமுதாய மேம்பாட்டுக்கு உறுதி தரப்படும், கல்வியைக் கைவிடாதீர் என்று இளையோருக்கு அறிவுரை வரும். வெறும் சடங்கு என்று இவற்றை ஒதுக்கிவிடுவது பிழை. கேட்பவரை இச்செய்திகள் எந்த இடத்தில் நிறுத்திப் பேசுகின்றன என்று பார்க்க வேண்டும். உதவிபெறும் பயனாளியாகவா, பங்கும் வாக்கும் கணக்குக் கேட்கும் உரிமையும் உள்ள உறுப்பினராகவா? ஒற்றுமையும் வலுவூட்டலும் வெறும் பேச்சாக நிற்பதும் நடப்பாக மாறுவதும் இந்த நிலைப்பாட்டைப் பொறுத்தே அமைகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவில் தேசிய ஒற்றுமை அரசின் துறையாக மாறியது 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகுதான். அவ்வாண்டிலேயே அதற்கென ஓர் அரசுத் துறை பிறந்தது. 1970 ஆகஸ்ட் 31 அன்று ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு பிரகடனமானது. 1970களின் தொடக்கத்தில் ஒற்றுமைக்கான அமைச்சுப் பொறுப்பு ஒரு தமிழரிடம், துன் வீ. தி. சம்பந்தனிடம் வந்தது. ஆனால் ஒற்றுமை பற்றிய அவருடைய மிக வலுவான பேச்சு, அந்தப் பதவிக்குப் பத்தாண்டு முன்னரே தோட்டப்புறங்களில் நிகழ்ந்துவிட்டது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார உடைமையாளர்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிப் பல கைகளுக்கு மாற்றினர். தோட்டம் துண்டானபோது பால்மரம் சீவியவனுக்கு வேலையும் குடியிருந்த லயமும் சேர்ந்தே போயின. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு ஒன்றை வாங்குங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது வாங்கிய முதல் தோட்டம் பினாங்குக்கு அண்டையில், கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். சம்பந்தனின் அழைப்பிலும் உணர்ச்சி இருந்தது, சமுதாய மானம் பேசப்பட்டது. இன்றைய வாழ்த்துரைகளிலும் அவை உண்டு. வேறுபாடு அழைப்பை ஏற்றவன் கையில் என்ன மிஞ்சியது என்பதில் இருக்கிறது. அவனுக்கு ஒரு பங்குப் பத்திரமும், பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் உரிமையும் கிடைத்தன. தினக்கூலி வாங்கிய ஒருவரை உடைமையாளர் என்று விளித்த அரசியல் பேச்சு அதற்கு முன் நம்மிடையே அரிது. அதனால்தான் சம்பந்தனின் அழைப்பை நம் வரலாற்றின் உயர்ந்த அரசியல் செய்தியாக நான் கருதுகிறேன்.

மக்கள் பணம் போட்டாலே போதுமா என்று இங்கே கேட்கலாம். போதாது என்பதற்கு மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் சான்று. 1980களின் தொடக்கத்தில் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைமையின் அழைப்பை நம்பி, எளிய குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் 10 கோடி வெள்ளிக்கு மேல் முதலீடு செய்தன. மேடையில் பேசப்பட்டது பொருளாதார எழுச்சி. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் கட்சித் தலைமையை ஒட்டியே நின்றது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பங்குதாரர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. உடைமை மட்டும் இருந்து கட்டுப்பாடு இல்லாதபோது வலுவூட்டல் என்பது கடன்சுமையாகத் திரும்புகிறது. தலைவர்களின் சொல்லை எங்கள் பெற்றோர் தலைமுறை சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சந்தேகத்தின் பின்னணியில், 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமைகளைக் கோரிய ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணி நடந்தது. 2008 மார்ச் 8 தேர்தலில் பினாங்கு ஆட்சி மாறியது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆய்ந்த பேராசிரியர் ப. இராமசாமி இரண்டாம் துணை முதல்வரானார். மலேசியாவில் அத்தகைய பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவர். ஜார்ஜ்டவுன் தெருப் பலகைகளில் தமிழும் இடம்பெற்றது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் ஒதுக்குவது வழக்கமாயிற்று. கண்ணுக்குத் தெரியும் இந்த ஏற்புகளைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். தம் தெருவின் பெயரைத் தம் எழுத்தில் படிப்பது குடிமகனுக்குரிய மதிப்பு.

ஆனால் அடுத்த ஆண்டே கம்போங் புவா பாலா வந்தது. குளுகோர் பகுதியில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கிராமம் அது. நிலத்தை அரசு அலுவலர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு மாற்ற முந்தைய மாநில அரசே ஒப்புதல் அளித்திருந்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று குடியிருந்தவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. இணங்கியவர்களுக்கு மாற்று வீடுகள் கிடைத்தன. புதிய அரசுக்குச் சட்டம் தந்த இடம் குறுகலானது என்பது உண்மை. ஆயினும் தேர்தல் மேடையில் கேட்ட நம்பிக்கைச் சொல்லுக்கும் நிலப்பத்திரத்துக்கும் இடையே எந்த இணைப்பும் இல்லை என்பதை அம்மக்கள் மண்வாரி எந்திரத்தின் முன்னால் கண்டார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும், பட்டா இல்லாதவரிடம் பேசப்படும் சமுதாய மேம்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கூட்டரசு மட்டத்தில் இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா இதே சிக்கலின் பெரிய வடிவம். ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி, அதற்கென ஒதுக்கப்பட்டுவந்த தொகை. மித்ரா பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே இடம் மாறியிருக்கிறது. 2021இல் மானியங்கள் குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியது. எந்தத் துறையின் கீழ் இருக்க வேண்டும் என்று அரசியல்வாதிகள் காரசாரமாக மோதினார்கள். எந்தத் துறையில் இருந்தாலும், பயன்பெறுவோருக்கு அதில் வாக்கு உண்டா என்ற கேள்வி அந்த மோதலில் அமுங்கிப்போனது. விண்ணப்பித்து மானியம் பெறும் அமைப்புகள் மேலே உள்ளவருக்குத்தான் கணக்குக் காட்டுகின்றன. கீழே இருப்பவருக்கு அல்ல.

கேட்பவர் யார் என்பதிலும் ஒரு சுருக்கம் நிகழ்ந்திருக்கிறது. பினாங்கில் தமிழரை நோக்கிய செய்திகள் பெரும்பாலும் கோயில் வளாகத்திலிருந்தும் தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்தும் பேசப்படுகின்றன. காவடி எடுப்போருக்கு அது இயல்பான இடமே. ஆனால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குயின் தெரு மாரியம்மன் கோயிலும் சில நிமிட நடைத் தொலைவில்தான் உள்ளன. இரண்டுமே தென்னிந்தியக் கடலோடிகள், வணிகர்கள், தொழிலாளர்கள் எழுப்பியவை. பினாங்கின் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் இதழியலில் குலாம் காதிறு நாவலர் போன்ற தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்ற அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகள் இரண்டையும் ஒரே வாரியத்தின் மேற்பார்வையில் வைத்திருந்தது. இன்றைய ஒற்றுமைச் செய்தி மலாய்க்காரரையும் சீனரையும் நம்மோடு இணைத்துப் பேசுகிறது. அதே தமிழைப் பேசும் முஸ்லிமை அவ்வளவாக விளிப்பதில்லை. சமயத் திருநாள் நிர்வாகத்தின் வழியாகவே தமிழரை அணுகும் அரசியலுக்கு இது தவிர்க்க முடியாத விளைவு.

அந்தத் திருநாள் நிர்வாகத்தில் முன்னிற்கும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் உறுப்பினர்களும் அரசால் நியமிக்கப்படுவோரே. உண்டியலில் காசு போடுபவர் தேர்ந்தெடுப்பதில்லை. 2017இல் வாரியம் தைப்பூசத்துக்குத் தங்க ரதத்தை அறிமுகப்படுத்தியது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி ரதம் வலம் வரும் நகரில் அதன்பின் எழுந்த வாக்குவாதங்களை, பக்தர்களின் பிரதிநிதிகள் அமர்ந்து பேசித் தீர்க்க ஓர் அவை இருக்கவில்லை. வாரியத்தில் சில இடங்களையாவது கோயில் உறுப்பினர்களின் தேர்தலுக்கு விடுவதும், ஆண்டுக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கோயில் வாசலிலும் வைப்பதும், தமிழ்ப்பள்ளி மானியத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதும் அரசு செய்யக்கூடியவை. அடுத்த தீபாவளிச் செய்தியில் துணை முதல்வரோ ஆட்சிக்குழு உறுப்பினரோ இவற்றில் ஒன்றை நாள் குறித்து அறிவித்தால், அதைப் பினாங்குத் தமிழர் ஓர் அரசியல் உரையாகவே ஏற்றுப் பேசலாம், எதிர்க்கலாம், திருத்தலாம்.