மல்லாட்டை வயலும் இ.டி.எஃப். முதலீடும்: ஒரு வரலாறு

முன்னுரை

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயர் பேச்சுவழக்கில் அப்படி மாறியது. சேமிப்பைப் பிரித்துப் போட வேண்டும் என்று இன்று முதலீட்டு ஆலோசகர்கள் சொல்லும் பாடம், இந்தப் பகுதியின் வயல்களில் பல காலமாகவே உள்ளது.

ஒரே பயிரின் ஆபத்து

19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டத்து மல்லாட்டை, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. 1879இல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆனால் 1890களின் பிற்பகுதியில் பழைய விதை நலிந்து, நோயும் தாக்கி, சாகுபடி சரிந்தது. மொரீஷியஸ் போன்ற இடங்களிலிருந்து புதிய விதை வந்த பிறகே அது மீண்டது. பிற்காலத்தில் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.எம்.வி. ரகங்கள் புகழ்பெற்றன. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தையே குறிக்கும்.

மானாவாரி நிலத்தில் மல்லாட்டையோடு துவரை, கம்பு ஆகியவற்றை ஊடுபயிராக விதைப்பது வழக்கம். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். ஆனால் மழையே பொய்த்தால் எல்லாம் கருகும். அப்போது கைகொடுப்பவை வயலுக்கு வெளியே உள்ள மாடும் நகையும்தான்.

ஒரே நிறுவனத்தின் ஆபத்து

பணத்திலும் இதே கதைதான். சென்னையில் பெரும் நம்பிக்கை பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று மூடப்பட்டது. லண்டன் கூட்டாளியின் ஊக வணிகம் ஒரு முக்கியக் காரணம். ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அந்த அதிர்ச்சிக்குப் பின், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கியது.

இ.டி.எஃப். வந்த விதம்

சிறு சேமிப்பாளரின் பணத்தைத் திரட்டிப் பல இடங்களில் பிரித்துப் போட, 1964இல் யூனிட் டிரஸ்டின் 'யூனிட் 64' திட்டம் வந்தது. அதன் யூனிட் விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை, நிர்வாகமே அறிவித்தது. உண்மை மதிப்புக்கும் அறிவித்த விலைக்கும் இடைவெளி பெருகியதால், 2001 ஜூலையில் பணம் திருப்பித் தருவது நிறுத்தி வைக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1993 ஜனவரியில் எஸ் & பி 500 குறியீட்டைப் பின்பற்றும் இ.டி.எஃப். அறிமுகமாகியிருந்தது. (அதே ஆண்டு செப்டம்பரில்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது.) இந்தியாவின் முதல் இ.டி.எஃப். ஆன 'நிஃப்டி பீஸ்', யூனிட் 64 முடங்கிய அதே 2001ஆம் ஆண்டின் டிசம்பரில் வந்தது. ஒரு யூனிட் வாங்கினால் நிஃப்டியின் 50 நிறுவனங்களிலும் சிறு பங்கு கிடைக்கும். அதன் விலை பங்குச் சந்தையில் எல்லோர் கண்முன்னும் நிர்ணயமாகும். 2007 மார்ச்சில் தங்க இ.டி.எஃப்.பும் வந்தது.

2008 தந்த பாடம்

50 நிறுவனங்களில் பிரித்தது ஒரு நிறுவனம் விழும் ஆபத்தைக் குறைத்தது. ஆனால் 2008இல் சந்தையே சரிந்தது. அந்த ஆண்டில் நிஃப்டி பாதிக்கு மேல் வீழ்ந்தது; ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறியது. மழை பொய்த்த வயலுக்கு மாடும் நகையும் போல, பங்கு இ.டி.எஃப்.புக்கு வெளியேயும் பணம் இருக்க வேண்டும்.

ஒருவரிடம் 1,00,000 ரூபாய் உள்ளது என்று கொள்வோம். அதில் 60,000 பங்கு இ.டி.எஃப்., 20,000 தங்கம், 20,000 வங்கி வைப்பு. பங்குகள் பாதியாகி, மற்றவை மாறாமல் இருந்தால் மிஞ்சுவது 70,000. எல்லாவற்றையும் பங்கில் போட்டிருந்தால் மிஞ்சுவது 50,000 மட்டுமே. பழைய விகிதத்துக்குத் திரும்ப, மற்ற இரண்டிலிருந்தும் 12,000 எடுத்து, மலிவாக உள்ள பங்கு இ.டி.எஃப். வாங்க வேண்டும். பங்கு மிகவும் ஏறினால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

முடிவுரை

இ.டி.எஃப். லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல. அது பல பயிர் விதைத்த ஒரு வயல், அவ்வளவுதான். ஒரே வயலை நம்பிக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் போடலாமா என்பதற்கு விழுப்புரத்து விவசாயியின் பதில், அவர் வீட்டுத் தொழுவத்தில் கட்டியிருக்கும் மாடுதான்.