மாவுக்கட்டு போட்டுக்கொண்டு நடந்தவர்கள்

அம்பத்தூர் பக்கம் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தைக் கொரோனா சமயத்தில் நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது 1999ல் இரண்டு அமைப்புகளை இணைத்து உருவானது. அதில் ஒன்று ஆவடியில் இருந்த தொழுநோய் கள ஆய்வுப் பிரிவு. ஆவடிக்கும் தொழுநோய்க்கும் இப்படி ஒரு பழைய தொடர்பு!

தொழுநோயில் கிருமியை விடப் பெரிய தொல்லை காலில் வரும் ஆறாத புண். 'கெட்ட சதை, அதனால்தான் அழுகுகிறது' என்றே ரொம்ப நாள் நம்பினார்கள். கொல்லிமலையில் 1914ல் பிறந்து, 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அதை ஏற்கவில்லை. சதையில் கோளாறு இல்லை, நரம்பு செத்துப்போனதால் வலி தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார். நமக்குச் செருப்பில் சின்னக் கல் இருந்தாலே நொண்டுவோம். அவர்களோ அதே இடத்தை அழுத்தி அழுத்தி மைல் கணக்கில் நடந்துவிடுவார்கள்.

படுத்தே கிடந்தால் புண் ஆறும். ஆனால் கூலிக்குப் போகிறவர் மாதக்கணக்கில் படுத்திருந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? அப்படியே ஆறினாலும் எழுந்து நடந்ததும் மறுபடி புண்.

இதற்கு வழிதான் மாவுக்கட்டு. பாதத்தோடும் காலோடும் ஒட்டினாற்போல் கட்டிவிட்டால் உடல் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவிவிடும். புண்காரர் நடக்கலாம், புண்ணும் ஆறும். இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே இதைச் செய்திருந்தார். பிராண்ட் அதை எடுத்து வளர்த்தார். 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது கூடவே கொண்டுபோனார். அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் அது பரவியது. இன்று பல நாட்டு மருத்துவர்கள் அவர்களுக்குப் போடுவது இதே கட்டுதான். ஏழைக் கூலிக்காரனுக்காக இங்கே வளர்ந்த வைத்தியம் பணக்கார நாட்டுக்குப் போனது வேடிக்கைதான்.

கட்டைப் பிரித்த பிறகு செருப்பு. காற்றுக்குமிழிகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரில், ஆணியே அடிக்காமல் செய்தார்கள். ஆணி குத்தினால்தான் அவர்களுக்குத் தெரியாதே! கூடவே தினமும் பாதத்தைப் பார்ப்பது, தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவது, எட்டி நடக்காமல் சின்ன அடியாக வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

செருப்பில்தான் ஒரு சிக்கல். அதைப் பார்த்தே 'இவர் தொழுநோயாளி' என்று ஊர் கண்டுபிடித்தது. அதனால் பலர் போட மறுத்தார்கள். பிறகு கடையில் விற்கும் செருப்பு மாதிரியே செய்ய ஆரம்பித்தார்கள்.