கீழ்ப்படிதலே கேலியாக: யாரோஸ்லாவ் ஹாஷெக்கின் வாழ்வும் நாவலும்

செக் நகைச்சுவை எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஹாஷெக்கை (1883–1923) இரண்டு மனிதர்களாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒருவர் மதுக்கடைகளில் திரிந்த பொறுப்பற்ற நாடோடி. மற்றவர் ‘நல்ல சிப்பாய் ஷ்வேய்க்’ நாவலைப் படைத்த கலைஞர். நாடோடியை மீறித்தான் கலைஞர் எழுதினார் என்று இப்பார்வை முடிக்கிறது. அது தவறு என்பதே என் வாதம். அவருடைய குறும்புகளுக்கும் நாவலுக்கும் அடிப்படை ஒரே உத்திதான்: அதிகாரத்தின் மொழியை எதிர்க்காமல் அப்படியே ஏற்று, அது தானாகவே குலையும்வரை பேசிக்கொண்டே போவது.

‘விலங்குலகம்’ இதழை நடத்தியபோது, இல்லாத விலங்குகளை விலங்கியல் அறிஞரின் தோரணையில் வருணித்தார், வேலை பறிபோனது. 1911 நாடாளுமன்றத் தேர்தலின்போது பிராகை அடுத்த வினோஹ்ராடியில் ‘சட்டத்தின் வரம்புக்குள் மிதமான முன்னேற்றக் கட்சி’ என ஒன்றைத் தொடங்கி, மதுக்கடையில் உரை நிகழ்த்தினார். அந்தப் பெயரில் ஆஸ்திரிய அரசு குற்றம் காண ஒரு சொல்லும் இல்லை. அரசு கேட்ட பணிவை அளவுக்கு மீறிக் கொடுத்ததுதான் கேலி. ஷ்வேய்க் முதலில் சிறுகதைகளில் தலைகாட்டியதும் அதே ஆண்டில் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

நாவலில் ஒரு காட்சி. முடக்குவாதத்தால் நடக்க முடியாத ஷ்வேய்க்குக்குப் படையில் சேர ஆணை வருகிறது. வேலைக்காரி தள்ளும் சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஊன்றுகோலை வீசியபடி, பெல்கிரேடுக்குப் போவோம் என்று பிராகின் தெருக்களில் முழங்கிக்கொண்டு போகிறான். கூட்டம் சேர்கிறது, செய்தித்தாள்கள் அவனது தேசபக்தியைப் பாராட்டுகின்றன, இராணுவ மருத்துவரோ நோயாளியாக நடிப்பவன் என்று முத்திரை குத்துகிறார். அவன் பணிவு உண்மையா, நடிப்பா? அரசால் சொல்ல முடியவில்லை, வாசகராலும் முடியாது. கட்சிக் கூட்டத்தில் பிறந்த உத்தி இங்கே முழு வளர்ச்சி பெறுகிறது.

பொறுப்பின்மைதான் அவர் இயல்பு என்போருக்கு ரஷ்ய ஆண்டுகள் பதில் சொல்கின்றன. 1915இல் போர்க்கைதியான ஹாஷெக், 1918இல் செஞ்சேனையில் சேர்ந்து, புகுல்மா நகரின் துணைத் தளபதியாகவும் பின்னர் ஐந்தாம் படையின் அரசியல் பிரிவிலும் பணியாற்றினார். ஒழுங்கு தேவைப்பட்ட இடத்தில் ஒழுங்காக உழைத்தார். ஆயினும் மனைவி யார்மிலாவும் மகனும் பட்ட துயரத்தை எந்த இலக்கியப் பெருமையும் ஈடுசெய்யாது. நாடோடி வாழ்வைக் கொண்டாடுவோர் இதை மறக்கக் கூடாது.

1920 இறுதியில் பிராகுக்குத் திரும்பியவர், மறு ஆண்டு நாவலைத் தொடங்கி லிப்னிட்சே கிராமத்தில் தொடர்ந்தார். உடல் தளர்ந்தபின் சொல்லச் சொல்ல எழுத்தர் ஒருவர் எழுதினார். நான்காம் பாகம் முடியுமுன், 39 வயதில் இறந்தார். மதுக்கடையில் கேட்போரை எதிரே வைத்துக் கதைகளை வளர்த்துப் பழகியவருக்குச் சொல்லி எழுதுவிப்பது அந்நியமான முறையாக இருந்திருக்காது. ஷ்வேய்க் ஆணைகளுக்கு நடுவே ஓயாமல் கதை சொல்வதும் அப்பழக்கத்தின் நீட்சியே. ஆகவே ஹாஷெக்கின் நாடோடி வாழ்வை நாவலுக்கு நேர்ந்த இடையூறாக அல்ல, அதன் பயிற்சிக்களமாகவே இலக்கிய வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.