ஒத்தொழுகினோரும் ஒவ்வாதோரும்

ஆள்வோன் நெறியே குடிகளின் நெறியாதல் வேண்டும் என்னும் எண்ணம் மன்னார் மக்களை இருமுறை சோதித்தது. 1544இல் ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். சமயப் பகையினும் போர்த்துக்கேயர்பாற் குடிகள் சாய்வர் என்னும் அச்சமே அவனை உந்தியது எனலாம்.

1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலளிப்போர்க்கு மரணதண்டனை விதித்தனர். அதனினும் நுண்ணிய கருவியொன்றும் அவர்களிடம் இருந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் தம் சபையிற் பதியப்பட்டாலன்றி முதுச உரிமை நிலையாது என்றனர். மக்களும் பதிந்தனர், பெயர் ஏட்டில், செபமாலை வீட்டினுள். இதனைப் போலியொழுக்கம் என இகழ்தல் எளிது. பிள்ளைக்குக் காணி சேரவேண்டிய தந்தைக்கு வேறு வழி யாது?

ஒத்தொழுக மறுத்தோர் சிலர் 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்துடன் காட்டுக்குட் சென்றனர் என்பது மடுத் தேவாலய மரபு. 1687இல் இரவலர் கோலத்தில் வட இலங்கை வந்த யோசே வாஸ் அடிகளோ, கழுத்திற் செபமாலை அணிந்து திரிந்தார். அதனை நோக்கித் தயங்கி நின்றோரே கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார்.