மானிப்பாய் தரும் விடை: மருந்தாளுநர் தேர்வும் தாய்மொழிக் கல்வியும்



“அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை நாளை மருந்தாளுநர் தேர்வில் தேறுமா, ஐயா?” பாடாங் மேஹாவில் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் வினா இது. பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்னும் கவலையும் அதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் அத்தேர்வை அறிவோம். நம் நாட்டில் பட்டம் பெற்றவுடன் ஒருவர் முழுமையான மருந்தாளுநர் ஆகிவிடுவதில்லை. 1951ஆம் ஆண்டு மருந்தாளுநர் பதிவுச் சட்டத்தின்கீழ், தற்காலிகப் பதிவு பெற்றுப் பயிற்சிப் பணியாற்ற வேண்டும். மருந்துச் சட்டத் தேர்விலும் தேற வேண்டும். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அதன் முக்கியப் பாடங்களுள் ஒன்று. அச்சட்டப்படி, மருந்தகத்தில் ‘பி’ பிரிவு மருந்தை மருத்துவரின் சீட்டின்றி வழங்கலாகாது. ‘சி’ பிரிவு மருந்தை மருந்தாளுநரே வழங்கிப் பதிவேட்டில் குறிக்கலாம். இப்பட்டியலை மனனம் செய்துவிடலாம். ஆயினும், இவ்வேறுபாடு எதற்கென்று உணர்ந்து படித்தவரே நோயாளியின் முன் தடுமாறாது நிற்பார்.

உணர்ந்து படிப்பதற்குத் தாய்மொழி எவ்வாறு துணைநின்றது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சான்றுண்டு. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்தார். மறு ஆண்டே மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆங்கிலம் கற்றவர்கள் அரசுப் பணியை நாடிச் சென்றுவிட, சிற்றூர்களில் மருத்துவர் இல்லாநிலை நீடித்தது. ஆகவே 1860களில் மானிப்பாயில் முற்றிலும் தமிழிலேயே கற்பித்தார்.

அதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘வைத்தியாகரம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. கிறீனும் அவர்தம் மாணவர்களும் மொழிபெயர்த்த ஏடுகள் 4000 பக்கங்களைக் கடந்தன. ஆங்கிலச் சொற்களுக்கு நிகரான தமிழ்க் கலைச்சொற்களையும் தொகுத்தனர். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கும் மேற்பட்டோர்.

இதனால் ஆங்கிலமும் மலாயும் வேண்டா என்பது என் கருத்தன்று. இன்றைய மருந்தியல் மாணவனுக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் மருந்து, நஞ்சு, அளவு ஆகியவற்றின் பொருளைத் தமிழில் தெளிந்த பிள்ளை, அவற்றின் பிறமொழிப் பெயர்களைப் பின்னர் கற்றுக்கொள்ளும். பொருளே புரியாதவனுக்கு எம்மொழியில் மனனம் செய்தாலும் பயனில்லை.

எனவே, நான்காம் ஆண்டிலிருந்தே அறிவியல் சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று பத்திகளில் எழுதும் குறிப்பேடு ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைப் பிள்ளை தன் வாயால் தமிழில் விளக்கட்டும். பெற்றோர் அமர்ந்து கேளுங்கள். 

பிள்ளையின் பள்ளியை மாற்றுமுன் இக்குறிப்பேட்டை ஓராண்டு முயன்று பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.