சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையை ஒட்டிய சைதாப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு தோட்டம் வைத்தது. அங்கே நெல்லும் இல்லை, மாவும் இல்லை. பாத்தி பாத்தியாகக் கள்ளி. கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் யோசனை அது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மருமகன் முறையான ஆண்ட்ரூ பெர்ரி.

குறி பழத்தின் மேல் அல்ல, கள்ளி மடலில் ஒட்டி வாழும் கோச்சினீல் பூச்சியின் மேல். வெள்ளைப் பஞ்சு போர்த்திய பெண் பூச்சியை நசுக்கினால் செஞ்சாயம் கசியும். ஒரு பவுண்டு சாயச் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவின் வாஹாகாவில் விளைந்த அந்தச் சரக்கை ஸ்பெயின் கட்டிக்காத்தது. 1777இல் தியெரி த மெனொன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் பூச்சியோடு மடல்களைக் கடத்திப்போனதும் இதற்காகத்தான்.

1786இல் சென்னைக் கடற்கரைப் புல்லில் அதே போன்ற பூச்சியைக் கண்டதாக ஆண்டர்சன் லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அது வேறு பூச்சி. 1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து உயிருள்ள பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சென்னைக்கும் வந்தன. ஆனால் அவை மெக்சிகோவில் பேணி வளர்த்த நல்ல இனம் அல்ல, காட்டு இனம். சாயம் மட்டம், விலை போகவில்லை. தோட்டம் கலைந்தது.

பூச்சி போகவில்லை.

வேலியாகவும் புதராகவும் மண்டிக்கிடந்த ஒருவகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. அதைக் கவனித்தவர்கள் 1836–38இல் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் பரப்பினார்கள். 1860களில் அது இலங்கைக்கும் போயிற்று. களையை அழிக்கப் பூச்சியை ஏவிய மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாக இதைப் பூச்சியியலார் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் மஞ்சள் பூப் பூக்கும் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. மேய்ச்சல் நிலங்களிலும் தரிசுகளிலும் அது முள்ளுப் புதராகப் படர்ந்தது. 1926இல் இன்னொரு கோச்சினீல் இனம் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலத்தில் புதர்கள் வாடிச் சரிந்தன. முள்ளை வெட்டி, எரித்து, ஓய்ந்துபோயிருந்த உழவருக்கு அது பெரிய நிம்மதி.

வறண்ட நிலத்தில் கள்ளியைப் பயிராக நம்பியிருப்பவருக்கோ அதே பூச்சி எமன். கள்ளிப்பழம் விற்றும், மடலை மாட்டுக்குப் போட்டும் பிழைக்கும் மொராக்கோவில் 2014இல் அந்த 1926 இனம் தென்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் தோப்புகள் பட்டுப்போயின. பூச்சி தாக்கிய செடிகளைப் பிடுங்கிப் புதைத்தார்கள். பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கும் கள்ளி ரகங்களை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ரகங்களைக் கொண்டுதான் மொராக்கோ உழவர்கள் இப்போது தோப்புகளை மறுபடி நட்டுவருகிறார்கள்.